கைதிகளின் பிள்ளைகள்: ஒல்லாந்தக் குடும்பங்களின் சிறைவாசமும் கொழும்பும்

ஆயுதம் ஏந்திப் போரிட்டுப் பிடிபட்ட படைவீரரைப் போர்க்கைதி என்றும், ஆயுதம் எடுக்காத எதிரிநாட்டுக் குடிமக்களைப் போர் முடியும்வரை ஓரிடத்தில் அடைத்துவைப்பதைத் தடுப்புக்காவல் என்றும் சட்டம் பிரித்து வழங்குகிறது. முதல் வகையினருக்கு 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை ஏட்டளவிலேனும் பாதுகாப்பு அளித்தது. இரண்டாம் வகையில் அடங்கிய பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அத்தகைய தனி உடன்படிக்கை 1949ஆம் ஆண்டுவரை ஏற்படவில்லை. ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், 1942க்கும் 1945க்கும் இடையில் யப்பானியர் அடைத்துவைத்த ஏறத்தாழ 1,00,000 ஐரோப்பியக் குடிமக்கள் இந்தப் பாதுகாப்பற்ற வெளியில் அகப்பட்டவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் ஆவர். அவர்களுடைய வரலாறு யாவாவிலும் சுமாத்திராவிலும் நிகழ்ந்ததாயினும், கொழும்பு அதற்கு அந்நியமான நகரமன்று. யாவா வீழ்ந்த பின்னர் ஒல்லாந்தக் கடற்படைத் தலைமை வந்து தங்கியது கொழும்பில்தான். அதற்கு 146 ஆண்டுகளுக்கு முன்னர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் படையினர் போர்க்கைதிகளாகி, அவர்களுடைய மனைவி மக்கள் தோற்றவர்களின் குடும்பங்களாக வாழத் தொடங்கியதும் இதே கொழும்பில்தான்.

அந்த முதல் நிகழ்ச்சியின் தடம் கொட்டாஞ்சேனை மேட்டில் இன்றும் நிற்கிறது. 1749இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயம், தடித்த சுவர்களோடு சிலுவை வடிவில் அமைந்தது. அதன் தரையெங்கும் ஒல்லாந்தக் குடும்பங்களின் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. தேவாலயம் திறந்து நாற்பது ஆண்டுகள் நிறையும் முன்னரே அதைக் கட்டியவர்களின் ஆட்சி முடிந்தது. 1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தைப் பிரெஞ்சுப் படைகள் கைப்பற்றியதும், இங்கிலாந்துக்குத் தப்பிச்சென்ற அரசுத் தலைவர் ஐந்தாம் வில்லியம், தம் நாட்டுக் குடியேற்றங்களின் ஆளுநர்கள் பிரித்தானியப் படைகளை நட்புப் படைகளாக ஏற்கவேண்டும் என்று கடிதம் எழுதினார். இலங்கையின் ஆளுநர் வான் ஆங்கல்பீக் அதை முழுமையாக ஏற்கவும் மறுக்கவும் இயலாமல் தடுமாறினார். அந்த இடைவேளையில் திருகோணமலையும் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் அடுத்தடுத்து வீழ்ந்தன. கொழும்பைக் காத்துநின்ற சுவிற்சர்லாந்துக் கூலிப்படையான தெ மெயுரோன் படைப்பிரிவு அதன் உரிமையாளராலேயே பிரித்தானியருக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. நீர்கொழும்பில் இறங்கிய பிரித்தானியர் களனி ஆற்றைக் கடந்து, முகத்துவாரத்தின் பக்கமாக நகரை நெருங்கினர். 1796 பெப்ரவரி 15ஆம் நாள் சரணாகதி உடன்படிக்கை கையெழுத்தாகி, மறுநாள் கோட்டை கைமாறியது.

அந்த உடன்படிக்கை வாசகத்தைக் கவனமாகப் படிக்கும் எவரும் அதில் பணத்துக்குக் கிடைத்த இடத்தைக் கண்டுகொள்வர். கும்பனியின் கடன்பத்திரங்களுக்கு 50,000 பவுண் வரை வட்டியோடு பொறுப்பேற்பதாகப் பிரித்தானியர் ஒப்புக்கொண்டனர். தனியார் சொத்துக்குப் பாதுகாப்பு உறுதியளிக்கப்பட்டது. படையினர் போர்க்கைதிகள் ஆயினர். ஊழியர்களின் வீடுகளில் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளின் நிலை என்னவென்று அதிலிருந்து அறிய வழியில்லை. முள்வேலியோ பூட்டிய கதவோ அவர்களுக்கு இருக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் முதல்நாள்வரை தகப்பன் சென்றுவந்த கந்தோர் மூடப்பட்டிருந்தது, சம்பளம் நின்றிருந்தது, 1802இல் ஆமியேன் உடன்படிக்கை இலங்கையை முறைப்படி பிரித்தானியருக்கு உரியதாக்கும்வரை, தாங்கள் இருக்கப்போவது கொழும்பிலா, ஒல்லாந்தரின் யாவாத் தலைநகரான பத்தாவியாவிலா என்று அக்குடும்பங்களுக்குத் தெரியாதிருந்தது. ஒல்லாந்த நீதிபதிகள் பிரித்தானிய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் நீதிமன்றங்கள் சில ஆண்டுகள் இயங்காமற்போன செய்தியை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அந்த மறுப்பை ஒரு வீட்டின் உணவு மேசையிலிருந்து பார்த்த பிள்ளைக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எழுதிவைக்கவில்லை. அவர்களிற் பலர் வளர்ந்து, ஆங்கிலம் கற்று, புதிய ஆட்சியின் எழுதுவினைஞர்களாகி, பறங்கியர் என்னும் சமூகத்தின் மூதாதையர் ஆயினர். கோட்டைக்குள்ளிருந்த பழைய தேவாலயத்தில் அடக்கப்பட்டிருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்கள் 1813இல் வுல்வெண்டாலுக்கு எடுத்துவரப்பட்டபோது, அந்தப் பிள்ளைகள் முப்பது வயதை நெருங்கியிருப்பர். கந்தோர் என்ற ஒல்லாந்தச் சொல் இலங்கைத் தமிழில் இன்றும் புழங்குகிறது.

ஒல்லாந்த மொழியில் வேதாகமம் வாசித்த இன்னொரு மக்கட் கூட்டம் கொழும்புத் துறைமுகத்தில் கைதிகளாக வந்து இறங்கியது 1900ஆம் ஆண்டு ஓகஸ்டில். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பெரும்பாலும் தியத்தலாவையிலும், ஒரு பகுதியினர் இராகமையிலும், நோயிலிருந்து தேறியோர் வெள்ளவத்தைக்குத் தெற்கே அண்மையிலுள்ள கல்கிசையிலும் வைக்கப்பட்டனர். போயர் படை ஊர்மக்களே ஆயுதம் ஏந்திய படையாகையால் பாட்டனும் தகப்பனும் மகனும் ஒன்றாகப் பிடிபடுவது அங்கு இயல்பாயிற்று. அதனால் தியத்தலாவை முகாமில் சிறுவர்களும் இருந்தனர், அவர்களுக்குப் பள்ளியும் நடந்தது. துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலிலிருந்து 1901 சனவரியில் குதித்து நீந்தி, உருசியக் கப்பலொன்றை அடைந்து தப்பிய ஐவரின் கதை இன்றும் தென்னாபிரிக்காவில் வீரச்செயலாகப் பேசப்படுகிறது. அதைவிட எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி வேறு. தியத்தலாவையின் குளிர்காற்றில் கம்பிவேலிக்குள் பாடம் படித்த அந்தச் சிறுவர்கள், தென்னாபிரிக்காவில் பிரித்தானியர் அமைத்த தடுப்பு முகாம்களில் தாயோடு அடைபட்ட தங்கள் தங்கைமாரைவிடப் பாதுகாப்பாக இருந்தனர். அம்முகாம்களில் 26,000க்கும் மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகள். படைவீரர்களைக் காட்டிலும் குடும்பங்களே கூடுதலாக மாயும் சிறைமுறை இருபதாம் நூற்றாண்டின் வாசலில் இவ்வாறு வெளிப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் அந்த முறை ஒல்லாந்தரின் பிள்ளைகளை வந்தடைந்தது. அதற்கு முன்னர் அவர்களுடைய அரசே மற்றவர்களின் பிள்ளைகளை அந்நிலைக்கு ஆளாக்கியது என்பதை மறைக்கலாகாது. 1940 மே 10ஆம் நாள் செருமனி நெதர்லாந்தைத் தாக்கியதும், கிழக்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்த செருமானியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒல்லாந்த ஆட்சி கைதுசெய்து குடும்பங்களைப் பிரித்தது. அவர்களை இந்தியாவுக்கு ஏற்றிச்சென்ற கப்பல்களுள் ஒன்றான வான் இம்ஹோப் 1942 சனவரி 19ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலில் மூழ்க, நானூறுக்கும் அதிகமான கைதிகள் கடலில் மாண்டனர். இலங்கையிலும் போர் தொடங்கியவுடன் செருமானியர் கைதாகினர். பௌத்த துறவியாகிப் பல்லாண்டு இந்நாட்டில் வாழ்ந்த ஞானதிலோக தேரரும் அவர்களுள் ஒருவர். போயர்கள் இருந்த அதே தியத்தலாவையில் அடைக்கப்பட்ட அவர், பின்னர் இந்தியாவின் தேராதூன் முகாமுக்கு மாற்றப்பட்டார்.

வான் இம்ஹோப் மூழ்கி இரண்டு மாதங்கள் ஆகுமுன் காவலரும் கைதியும் இடம் மாறினர். 1942 பெப்ரவரி 15ஆம் நாள், அதாவது கொழும்பு சரணடைந்து சரியாக 146 ஆண்டுகள் நிறைந்த நாளில், சிங்கப்பூர் வீழ்ந்தது. மாத இறுதியில் யாவாக் கடற்போரில் ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி கரெல் டோர்மன் தம் கப்பலோடு மூழ்கினார். மார்ச் முதல் நாள் யப்பானியர் யாவாவில் இறங்கினர். மார்ச் 8ஆம் நாள் ஒல்லாந்தப் படை சரணடைந்தது. கடற்படைத் தலைவர் ஹெல்ப்ரிச் இலங்கைக்குத் தப்பிவந்து கொழும்பைத் தலைமையிடமாக்கினார். எஞ்சிய ஒல்லாந்த நீர்மூழ்கிக் கப்பல்கள் இலங்கைத் துறைமுகங்களிலிருந்து இயங்கின. அவற்றின் மாலுமிகளுள் பலருடைய மனைவி மக்கள் யாவாவில் அகப்பட்டிருந்தனர். ஏப்ரல் 5ஆம் நாளாகிய உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை மக்கள் பிள்ளைகளோடு உள்ளூர்களுக்கு ஓடினர். தகப்பன் ஒரு கரையிலும் பிள்ளை மறுகரையிலுமாக, இடையில் ஓர் இந்து சமுத்திரம் கிடந்த அந்த மூன்றரை ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இடையே கடிதப் போக்குவரத்துக்கூட இருக்கவில்லை.

யாவாவின் முகாம்களுள் பலவற்றை யப்பானியர் புதிதாகக் கட்டவில்லை. நகரங்களின் குடியிருப்புத் தெருக்களையே மூங்கிற் தட்டியாலும் முட்கம்பியாலும் அடைத்து முகாமாக்கினர். இந்தத் தட்டிக்கு அங்கு கெடெக் என்று பெயர். பத்தாவியாவின் சிடெங் என்ற பகுதி இவ்வகை முகாம்களுள் பெயர்பெற்றது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் முதலில் மூன்று நான்கு குடும்பங்களும், பின்னர் ஒவ்வோர் அறையிலும் பல குடும்பங்களும் புகுத்தப்பட்டன. வேலி உள்நோக்கி நகர்த்தப்பட்டுப் பரப்பளவு சுருங்கச் சுருங்க, ஆட்தொகை பெருகி இறுதியில் பத்தாயிரத்தைத் தாண்டியது. 1944இல் முகாம்கள் யப்பானிய இராணுவத்தின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தபின் நிலைமை மேலும் மோசமாயிற்று. சிடெங்கின் தளபதியாக வந்த சோனெய் கெனிச்சி கைதிகளின் உணவை நிறுத்தித் தண்டிப்பதில் பேர்போனவர். போருக்குப் பின் போர்க்குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டு 1946இல் மரண தண்டனைக்கு உள்ளானார்.

முகாமில் வளர்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருபவை எளிய செய்திகளே. நாளுக்கு இருமுறை வரிசையில் நிறுத்தி எண்ணும் தென்கோ என்ற ஆட்கணக்கெடுப்பும், நிமிர்ந்து நில், குனிந்து வணங்கு, எழு எனப் பொருள்படும் மூன்று யப்பானியக் கட்டளைகளும் அவர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் தூக்கத்தில் சொல்லக்கூடிய அளவு பதிந்திருந்தன. பாண் துண்டின் பருமனை விரலால் அளந்தமை, மரவள்ளி மாவைக் கஞ்சியாய்க் காய்ச்சினால் பசைபோல் இறுகும் தன்மை, வணங்குவதில் பிழைவிட்ட தாய் பிள்ளையின் கண்முன்னே அறைவாங்கியமை ஆகியவையும் அவ்வாறே. கல்வி தடைசெய்யப்பட்டிருந்தமையால் தாய்மாரும் கன்னியாஸ்திரிகளும் மறைவாக எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். பெரியவர்கள் இழந்ததை எண்ணி வாடியபோது, இரண்டு மூன்று வயதில் உள்ளே வந்த பிள்ளைகளுக்கு இழப்பதற்கென்று முந்திய வாழ்க்கை ஒன்று நினைவில் இருக்கவில்லை. அவர்களுக்கு உலகம் என்பதே வேலிக்கு உட்பட்டதாயிருந்தது. சிறைவாசத்தின் மிகக் கொடிய விளைவு இதுவெனக் கொள்வது தவறாகாது.

வயதுக் கணக்கு இம்முகாம்களில் உயிரின் கணக்காயிற்று. ஆண்பிள்ளை ஒரு குறிப்பிட்ட வயதை அடைந்ததும் வளர்ந்த ஆணாகக் கருதப்பட்டுத் தாயிடமிருந்து பிரித்து ஆண்கள் முகாமுக்கு அனுப்பப்பட்டான். அந்த எல்லை நாளடைவில் குறைந்துகொண்டே வந்து பத்து வயதை எட்டியது. அதனால் பிறந்தநாளை அஞ்சி எதிர்நோக்கும் பிள்ளைகள் உருவாயினர். செமராங்கில் பங்கொங் என்ற கன்னியர் மடம் இவ்வாறு பிரிக்கப்பட்ட சிறுவர்களின் முகாமாக மாறி, அங்கே சிறுவர்கள் முதியவர்களோடு சேர்ந்து வயல்வேலை செய்தனர். கையில் ஒரு பொதியோடு லொறியில் ஏறிய பத்து வயது மகனை வாசலில் நின்று அனுப்பிய தாய்மாருக்கு, அவன் எங்கே கொண்டுபோகப்படுகிறான் என்பது பல வேளைகளில் சொல்லப்படவில்லை.

யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானித்தது வமிசாவளி. யாவாவில் ஆசிய மூதாதையர் உண்டென்று சான்று காட்டிய கலப்பினக் குடும்பங்கள் பல தடுப்புக்காவலிலிருந்து விலக்குப்பெற்றன. முன்னர் மறைத்துவைத்த பாட்டியின் பெயரைத் தேடியெடுத்து அதிகாரியிடம் நீட்டவேண்டிய காலம் அவர்களுக்கு வந்தது. கொழும்பில் அதே சமயம் வமிசாவளிக்கு நேர்மாறான மதிப்பு இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தந்தைவழி ஐரோப்பிய மரபைக் காட்டுவோரையே உறுப்பினராக்கி, குடும்பங்களின் வமிசாவளிகளைத் தன் சஞ்சிகையில் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தது. ஒரே கும்பனியின் ஊழியர்களாய் ஒரே நூற்றாண்டுகளில் ஆசியாவுக்கு வந்தவர்களின் சந்ததியார், ஓரிடத்தில் ஐரோப்பிய இரத்தத்தையும் மற்றோரிடத்தில் ஆசிய இரத்தத்தையும் பத்திரம் காட்டி நிறுவினர்.

வேலிக்கு வெளியே நிகழ்ந்ததைச் சொல்லாமல் வேலிக்குள் நிகழ்ந்ததை மட்டும் சொல்வது வரலாறாகாது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் யாவாவின் கிராமங்களைப் பஞ்சம் வாட்டியது. ரொமுஷா எனப்பட்ட கட்டாயக் கூலிகளாக எண்ணற்ற யாவானியர் பிடித்துச்செல்லப்பட்டனர். ஒல்லாந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாராகிய போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 18,000 பேர் அனுப்பப்பட்ட, யப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில்பாதையில், அவர்களுக்குப் பக்கத்திலேயே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். அப்பாதையின் ஓரத்திலுள்ள காஞ்சனாபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒல்லாந்தப் படைவீரருக்குப் பெயர் பொறித்த கற்கள் உண்டு; அதே பாதையில் அதே ஆண்டுகளில் இறந்த தமிழருக்கு அப்படியொரு பெயர்வரிசை அங்கு இல்லை. தோட்ட லயங்களில் தகப்பனுக்காகக் காத்திருந்த தமிழ்ப் பிள்ளைகளின் நினைவுகளும் மிகச் சிலவே ஏட்டில் ஏறியுள்ளன.

1945 ஓகஸ்ட் 15ஆம் நாள் யப்பான் சரணடைந்தபோது, மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டியருகே பேராதனையில் இருந்தது. யாவா அன்றுதான் அவருடைய பொறுப்பில் வந்தது. கைதிகளையும் தடுத்துவைக்கப்பட்டோரையும் மீட்பதற்கென ஏற்பட்ட அமைப்பு அத்தலைமையகத்தின்கீழ் இயங்கியது. போர் முடிந்ததை அறிவிக்கும் துண்டுப்பிரசுரங்களும் உணவு, மருந்துப் பொதிகளும் முகாம்கள்மீது விமானங்களிலிருந்து போடப்பட்டன. ஆயினும் வேலிகள் உடனே அகலவில்லை. ஓகஸ்ட் 17ஆம் நாள் இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. ஒல்லாந்தர் மீண்டும் ஆளவருவதை எதிர்த்த இளைஞர்களின் கோபத்திலிருந்து காப்பதற்காக, நேற்றுவரை சிறைவைத்த யப்பானியக் காவலரே அதே வாசல்களில் காவலுக்கு நின்றனர். செப்டெம்பர் இறுதியில் வந்திறங்கிய பிரித்தானிய இந்தியப் படையினர் பல முகாம்களைக் காத்தனர். கப்பலேறி ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட பிள்ளைகள் சுயெஸ் அருகே அத்தாக்கா என்ற இடத்தில் இறக்கப்பட்டு, கம்பளி உடையும் சப்பாத்தும் பெற்றனர். வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்களுக்குச் சப்பாத்து ஒரு புதிய வேதனையாயிற்று. நெதர்லாந்தில் தாமே செருமானியரின் பிடியில் பட்டினி கிடந்து மீண்ட உறவினர், வெயில்நாட்டிலிருந்து வந்தவர்களின் துன்பத்தைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. ஹேக் நகரில் இவர்களுக்கென நினைவுச்சின்னம் எழுந்தது 1988இல்தான்.

அந்த நீண்ட மௌனம் கலைந்தபோது எழுந்த விவாதம் பிள்ளைகளின் சாட்சியத்தை மதிப்பிடுவோர் அனைவரும் அறியவேண்டியது. 1940இல் பத்தாவியாவில் பிறந்து, பாலகனாகச் சிடெங்கில் அடைபட்ட எழுத்தாளர் யெருன் பிரவுவர்ஸ், 1981இல் தம் முகாம் நினைவை நாவலாக்கினார். சுமாத்திராவில் 1929இல் பிறந்து, வளரிளம் பருவத்தை முகாமில் கழித்த கட்டுரையாளர் ரூடி கவுஸ்புறுக், அந்நூல் கொடுமையை மிகைப்படுத்துகிறது என்றும், யப்பானிய முகாம்களை நாசி முகாம்களோடு ஒப்பிடும் மனப்போக்கு உண்மைக்கு மாறானது என்றும் கடுமையாக எதிர்த்து எழுதினார். இருவரும் கைதிகளாயிருந்த பிள்ளைகள். இருவருக்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது இடைவெளி. பதின்மூன்று வயதுச் சிறுவன் தலைவர்களின் பெயரையும் உணவின் எடையையும் நிகழ்ச்சிகளின் வரிசையையும் அறிவான். நான்கு வயதுக் குழந்தை தாயின் முகம் மாறியதையே அறியும். நாளும் எண்ணிக்கையும் தேடும் ஆய்வாளருக்கு முன்னவன் சாட்சி. சிறைவாசம் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்தது என்று கேட்போருக்குப் பின்னவனே சாட்சி. கவுஸ்புறுக் தகவலில் சரியாயிருந்தார் என்பதற்காக, பிரவுவர்ஸ் அனுபவித்தது பொய்யாகிவிடாது. சின்னஞ்சிறு பிள்ளையின் நினைவை நீதிமன்றச் சான்றுபோல நடத்துவதும், கற்பனையென்று தள்ளுவதும் ஒரே அளவு பிழையான செயல்கள்.

இந்த விவாதம் கொழும்புத் தமிழருக்குத் தொலைதூர விடயமன்று. 1983 யூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடிழந்தவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் பிள்ளைகளோடு தங்கியிருந்து, கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். அவை அடைக்கல முகாம்கள், சிறைமுகாம்களல்ல என்ற வேறுபாட்டைப் பேணிக்கொண்டே இதைக் கூறவேண்டும். 2007 யூன் 7ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டதை, மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. 2009இல் உள்நாட்டுப் போரின் முடிவில் செட்டிகுளத்தின் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்ட ஏறத்தாழ 2,80,000 பேரிலும் பிள்ளைகள் பெருந்தொகையினர். சட்டம் தடுப்புக்காவல் என்று எதைச் சொல்கிறதோ, அதற்கு மிக நெருங்கிய அனுபவம் அவர்களுடையது. இந்த மூன்று நிகழ்ச்சிகளைப் பற்றியும் அறிக்கைகளும் தீர்ப்புகளும் எண்ணிக்கைகளும் உள்ளன. பிள்ளைகளாயிருந்தோர் தம் சொற்களில் எழுதியவை அவற்றுக்கு ஈடாக இல்லை.

1796இன் கொழும்புப் பிள்ளைகள் எழுதாமற் போனதால் இழந்ததை இனி மீட்க முடியாது. 1983இல் எட்டு வயதாயிருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்; அவருடைய தாய் எண்பதை நெருங்குகிறார். அந்த நாட்களில் எந்த வகுப்பறைத் தரையில் படுத்தீர்கள், யார் பாண் தந்தார்கள், கப்பலில் யாருடைய கையைப் பிடித்திருந்தீர்கள், வீட்டிலிருந்து எதை எடுத்துவந்தீர்கள் என்பவற்றை, நாளும் இடமும் வயதும் குறித்து, தாய் உயிரோடு இருக்கும்போதே அவரிடமும் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.